தாம்பரத்துல இருந்து பட்டணம்: ஒரு நாள், ஒரு ரயில், ஒரு பதினாலு வயசு

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் வளர்ந்தவங்க வீட்டுல ஒரு வார்த்தை புழங்கும். "பட்டணம் போயிட்டு வரோம்". நாம இருக்கறதும் பட்டணத்தோட வால்தானே, அதென்ன தனியா ஒரு பட்டணம்னு வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. ஆனா நமக்கு அது ரெண்டும் வேற வேற. நடுவுல ஒரு ரயில் இருக்கு.

கொசுவத்தி கொளுத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். இது "அந்தக் காலத்துல எல்லாம்..." ரகம் இல்ல. அக்கா பொண்ணுக்கு வயசு பதினாலு. ஷாப்பிங்னா கார்ல ஏறி மால்ல இறங்கறது, இல்லாட்டி போன்ல அமுக்கறதுன்னு வளர்ந்த புள்ள. "லீவுல ஒரு நாள் டி.நகர் போலாமாடி"ன்னு கேட்டேன். "அங்க என்ன சித்தி இருக்கு? எல்லாம்தான் வீட்டுக்கே வருதே"ன்னா. நியாயமான கேள்வி. பதில் சொல்ல உக்காந்தா அது தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி போய் நிக்குது. ஷாப்பிங் பிளானா ஆரம்பிச்சது சரித்திரப் பாடமா ஆயிடுச்சு. பொறுத்துக்குங்க :-)

முதல்ல ரயில்

1931 மே 11. பீச்சுல இருந்து தாம்பரம் வரைக்கும் சுமார் 30 கிலோமீட்டர், மின்சார ரயில் ஓட ஆரம்பிச்ச நாள். தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்டது. மீட்டர் கேஜ் பாதையில மின்சார ரயில் இந்தியாவுலயே இதுதான் முதல். அதுக்கு முன்னாடியும் தாம்பரத்துக்கு ரயில் இருந்துச்சு, ஆனா அது நீராவி வண்டி. அதை நம்பி அவசரத்துக்குக் கிளம்ப முடியாது. "இது போனா என்ன, அடுத்த வண்டி வரும்"ங்கற தைரியத்தைக் குடுத்தது மின்சார ரயில்தான். நினைச்சப்ப கிளம்பி, சாமான் வாங்கி, சாயங்காலம் விளக்கேத்தறதுக்குள்ள வீடு திரும்பலாம். நாம இன்னிக்கு ஒரு நாள் ட்ரிப்னு சொல்றோமே, அது அந்த மே மாசத்துல பொறந்ததுன்னு தைரியமா சொல்லலாம்.

நம்ம பக்கத்து ஸ்டேஷன் பேர்களே ஒரு சரித்திரம். சானடோரியம்னா 1928-ல டாக்டர் டேவிட் சௌரிமுத்து ஆரம்பிச்ச காசநோய் ஆஸ்பத்திரி. நல்ல காத்துக்காக நோயாளிங்களைக் கொண்டுவந்து வச்ச இடம்னா, அப்ப எவ்வளவு காடா இருந்திருக்கும்! குரோம்பேட்டைங்கறது குரோம் லெதர்னு ஒரு தோல் கம்பெனியால வந்த பேரு. 1937-ல கிறிஸ்டியன் காலேஜ் ஜார்ஜ் டவுனை விட்டுட்டு தாம்பரம் வந்துச்சு. நோயாளி, தோல் தொழிலாளி, மாணவன். நம்ம ஊரோட முதல் பயணிங்க இப்படித்தான்.

மாம்பலம்: ரயில்வே கட்டாத கடைத்தெரு

ஜப்பான்ல ஒசாகா நகரத்துல ஹான்கியூன்னு ஒரு ரயில் கம்பெனி. புறநகருக்குத் தண்டவாளம் போட்டாங்க, அங்க வீட்டு மனையும் வித்தாங்க. அப்புறம் அந்த மக்கள் வந்து இறங்கற உமேதா ஸ்டேஷன்லயே 1929-ல ஒரு பெரிய அங்காடியும் திறந்தாங்க. அங்க சாப்பாட்டுக்கூடத்துல கிடைச்ச கறி சோறு ரொம்பப் பிரபலமாம். புறநகர்க் குடும்பம், ரயில், துணிக்கடை, சாப்பாடு எல்லாத்தையும் ஒரே முதலாளி யோசிச்சு ஒண்ணா முடிச்சுட்டார்.

ரெண்டு வருஷம் கழிச்சு நமக்கும் மின்சார ரயில் வந்துச்சு. ஆனா நம்ம ரயில் கம்பெனி கடை எதுவும் கட்டல. மக்களே கட்டிக்கிட்டாங்க. அதுதான் ரங்கநாதன் தெரு.

தியாகராய நகர் இருக்கற இடம் முன்னாடி ஏரி. நுங்கம்பாக்கத்துல இருந்து சைதாப்பேட்டை வரைக்கும் நீண்டு கிடந்த ஏரியில மாம்பலம் பக்கத்தை 1923-க்கு மேல வத்த வச்சு மனை போட்டாங்க. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பேரை ஊருக்கு வச்சாங்க. பனகல் ராஜா பேரை பூங்காவுக்கு. 1928-லயே நல்லி பட்டுக்கடை வந்தாச்சு. ஆனா மாம்பலம் ஸ்டேஷன் வாசல்ல இருந்து உஸ்மான் ரோடு வரைக்கும் போற அந்தக் குட்டித் தெரு வெறும் குடியிருப்புத் தெருதான். திண்ணையும் வீடுமா இருந்த இடம்.

அந்தத் தெருவுக்கு யோகம் வந்ததுக்குக் காரணம் ரொம்ப சிம்பிள். தாம்பரம், பல்லாவரம், அந்தப் பக்கம் செங்கல்பட்டுல இருந்து வர்ற ஜனம் ரயிலை விட்டு இறங்கினா இந்தத் தெருவுல நடந்துதான் டி.நகர் உள்ள போகணும். நடக்கற கூட்டம் எங்க இருக்கோ அங்க கடை வரும். முதல்ல பாத்திரம், அப்புறம் துணி. 1970களுக்கு மேல தென்மாவட்டத்துல இருந்து வந்த வியாபாரிங்க, ஒரு பொருள்ல லாபம் கம்மியா வச்சு ஆயிரம் பேருக்கு விக்கலாம்னு கணக்குப் போட்டாங்க. திண்ணை வீடெல்லாம் அஞ்சு மாடி, ஏழு மாடி ஆச்சு.

"அப்ப நாமதான் இந்தத் தெருவை உண்டாக்கினோமா?"ன்னு கேட்டா பொண்ணு. ஆமாண்டி கண்ணு. உன் பாட்டி மாதிரி பையைத் தூக்கிட்டு ரயிலேறி வந்தவங்கதான்.

பாண்டி யாரு?

ரங்கநாதன் தெருவைத் தாண்டி பாண்டி பஜார். பாண்டிச்சேரிக்காரங்க வச்ச பஜார்னு நினைக்கறவங்க இன்னும் இருக்காங்க. அது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பேரு. 1929-ல நம்ம செங்கல்பட்டுல நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர். அந்தக் காலத்துல ராமநாதபுரம் ஜில்லாவுல தாழ்த்தப்பட்ட சாதி ஜனங்களை பஸ்ல ஏத்த மாட்டாங்க. இவர் ஜில்லா போர்டு தலைவரா இருந்தப்ப, ஏத்தாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாதுன்னு உத்தரவு போட்டார்.

ஊர் சுத்த, கடை பார்க்க, வண்டி ஏற எல்லாருக்கும் உரிமை இருக்குன்னு ஒருத்தர் சண்டை போட்டிருக்கார், அவர் பேருல இருக்கற தெருவுலதான் நாம தோடு பேரம் பேசறோம். சிலையைக் காட்டி இதைச் சொன்னேன். "இதை ஏன் சித்தி போர்டுல எழுதி வைக்கல?"ன்னா. ஹூம்.

2019 நவம்பர்ல இங்க நடைபாதையை அகலமாக்கி, உக்கார பெஞ்ச் எல்லாம் போட்டாங்க. நடக்கறதுக்கு நல்லா இருக்கு. 2023 மே மாசத்துல இருந்து மாம்பலம் ஸ்டேஷனுக்கும் டி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவுல ஆகாய நடைபாலமும் இருக்கு, அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ரங்கநாதன் தெரு நெரிசல் ஆகாதவங்க மேலயே போயிடலாம். ஆனா முதல் தடவை போற புள்ளையைக் கீழதான் கூட்டிட்டுப் போகணும். என் கட்சி அது.

நின்னுக்கிட்டே இருக்கறவங்க

இந்தப் பதிவை எழுதணும்னு தோணினதே இதுக்காகத்தான்.

ஒரு பெரிய ஜவுளிக்கடையில சுடிதார் பார்த்துக்கிட்டு இருந்தோம். எடுத்துக் காட்டின பொண்ணு இவளை விட அஞ்சாறு வயசு பெரியவளா இருப்பா. ஊர் எதுன்னு கேட்டேன், தூத்துக்குடிப் பக்கம்னா. அரை மணி நேரம் கழிச்சு வெளிய வந்ததும் நம்ம ஆள் கேட்டா: "அந்த அக்கா ஒரு தடவை கூட உக்காரலையே, ஏன்?"

இந்தக் கேள்விக்கும் சரித்திரம் இருக்கு. கோழிக்கோட்டுல ஜவுளிக்கடைப் பெண்கள் பல வருஷம் போராடி, கேரளாவுல 2018-ல உக்கார்ற உரிமைக்குச் சட்டம் வந்துச்சு. நம்ம தமிழ்நாட்டுல 2021 செப்டம்பர்ல, 1947-ம் வருஷத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை பார்க்கறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு கொண்டுவந்தாங்க. நாள் பூரா நிக்கறவங்க ஒரு நாற்காலிக்கு 74 வருஷம் காத்திருந்திருக்காங்க. வசந்தபாலனோட 'அங்காடித் தெரு' 2010-ல இந்த வாழ்க்கையைத்தான் காட்டுச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2008 செப்டம்பர்ல, இதே தெருக் கடை ஒண்ணுல தீப்பிடிச்சு ரெண்டு ஊழியர்கள் செத்துப் போனாங்க.

சுடிதார் மலிவா கிடைக்குதேன்னு நாம சந்தோஷப்படறோம். அந்த மலிவுல கொஞ்சம் அந்தப் பொண்ணோட காலு. இதை வீட்டுக்கு வர்ற பார்சல் சொல்லித் தராது. பார்சலுக்குப் பின்னாடியும் ஒருத்தி நின்னுக்கிட்டுத்தான் இருப்பா, நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். "அங்க என்ன சித்தி இருக்கு"ங்கற கேள்விக்கு என்கிட்ட இருந்த உருப்படியான பதில் இது ஒண்ணுதான்.

பார்க்: எரிஞ்சு போன சந்தை

சாப்பிட்டுட்டு மறுபடி மாம்பலத்துல பீச் வண்டி. பார்க் ஸ்டேஷன்ல இறங்க வேணாம், ஜன்னல் வழியாவே கதை சொல்லிடலாம். எதிர்ல சென்ட்ரல். அதுக்குப் பக்கத்துல 1900-ல திறந்த மூர் மார்க்கெட் இருந்துச்சு. பழைய புஸ்தகம், இசைத்தட்டு, பொம்மை, புறா, முயல்குட்டி எல்லாம் ஒரே கூரையில. அப்ப இங்கிலீஷ் துரைங்களுக்கு மவுண்ட் ரோடு ஸ்பென்சர். கையில நாலணா வச்சிருக்கறவனுக்கு மூர் மார்க்கெட்.

ரெண்டுமே தீயில போச்சு. ஸ்பென்சர் 1983-ல, மூர் மார்க்கெட் 1985 மே 30-ல. ஸ்பென்சர் 1991-ல பிளாசாவா எழுந்து, எங்க வயசுக்காரங்களுக்கு முதல் ஏசி ஷாப்பிங்கைக் காட்டுச்சு. மூர் மார்க்கெட் இடத்துல புறநகர் ரயில் முனையம் வந்துச்சு, வியாபாரிங்க அல்லிக்குளம் பக்கம் போனாங்க. பணக்காரக் கடை திரும்பக் கடையாவே வந்துச்சு, ஏழைச் சந்தை வேற ஏதோவா ஆயிடுச்சு. கவனிச்சீங்களா?

பீச்: அத்தோ

கடைசி ஸ்டேஷன் பீச். வெளிய வந்தா பர்மா பஜார். 1964-ல பர்மாவுல கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப, தலைமுறையா அங்க வியாபாரம் பண்ண தமிழர்கள் வெறுங்கையோட கப்பலேறி வந்தாங்க. அவங்க பிழைக்க 1969-ல வந்த கடை வரிசை இது. டேப் ரெக்கார்டர், கேசட், சிடின்னு ஒவ்வொரு காலத்துக்கு ஒண்ணு வித்து, இப்ப போன் கவர்ல வந்து நிக்குது.

அவங்க கொண்டுவந்த இன்னொரு சொத்து அத்தோ. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள் போட்டுக் கையால பிசைஞ்சு, கூட வாழைத்தண்டு சூப். நம்ம பொண்ணு ரெண்டு தட்டு. வீட்டுல நூடுல்ஸ் செஞ்சா மூஞ்சியைச் சுளிக்கற அதே பொண்ணு!

சரி, பிளான்

போறவங்களுக்காகச் சுருக்கமா:

1. ஞாயித்துக்கிழமை வேணாம். கூட்டம் ஒரு பக்கம், பராமரிப்புன்னு ரயிலைக் குறைக்கறது இன்னொரு பக்கம். வார நாள், ஆபீஸ் கூட்டம் அடங்கினதும் கிளம்புங்க. கடை திறக்கற நேரத்துக்கு மாம்பலம்.

2. பணத்தை புள்ளை கையில குடுத்துடுங்க. நான் ஆயிரத்து ஐந்நூறு குடுத்தேன். டிக்கெட், சாப்பாடு எல்லாம் அவ கணக்கு. பேரம் பேசறது எப்படின்னு நானே அவகிட்ட கத்துக்கிட்டேன்.

3. முதல்ல ரங்கநாதன் தெரு, அப்புறம் பாண்டி பஜார், மதியச் சாப்பாடு அங்கயே. கனமான சாமானை மட்டும் முதல்ல வாங்காதீங்க, நாள் பூரா தூக்கணும்.

4. வெயில் தாழ பீச். அத்தோவுக்கு சாயங்காலம்தான் சரி.

5. திரும்பறப்ப பீச்சுலயே ஏறுங்க. வண்டி கிளம்பற இடம், உக்கார இடம் கிடைக்கும். மாம்பலத்துல ஆறு மணிக்கு ஏறினா தாம்பரம் வரைக்கும் ஒத்தைக் கால்தான்.

அடுத்த லீவுக்கு ரெண்டு சிநேகிதிகளோட அவளே போறேங்கறா. அக்காவுக்கு உதறல். லேடீஸ் கம்பார்ட்மென்ட் இருக்கு, போகட்டும்னு நான் வக்காலத்து வாங்கிட்டு இருக்கேன். வழக்கு இன்னும் முடியல.

நீங்க முதல்ல ரயிலேறிப் போய் வாங்கினது என்ன? யாரோட போனீங்க? எழுதுங்க, எல்லாத்தையும் அவளுக்குப் படிச்சுக் காட்டறேன்.