டெல்டாக் குழந்தைகளின் தொடை எலும்பு முறுக்கமும் படமெடுப்பின் வரம்பும்

தஞ்சாவூர் வட்டாரத்தில் குழந்தை பாதங்களை உட்புறம் திருப்பி நடந்தால், "சம்மணம் போட்டு உட்காரவே மாட்டேங்குது" என்பதையும் வீட்டார் சேர்த்தே சொல்வார்கள். அந்தச் சொல்லை மருத்துவச் சான்றாகவே கொள்ள வேண்டும் என்பது என் வாதம். சம்மணத்துக்கு இடுப்பு மூட்டு வெளிப்புறம் நன்றாகச் சுழல வேண்டும். தொடை எலும்பின் கழுத்து அளவுக்கு மீறி முன்னோக்கி முறுக்கியிருந்தால் உட்சுழற்சி கூடும், வெளிச்சுழற்சி குறையும். அப்படிப்பட்ட குழந்தைக்குக் கால்களை இருபுறமும் பின்னோக்கி மடக்கி உட்காருவதுதான் எளிது.

பிறக்கும்போது 30 முதல் 40 பாகை வரை இருக்கும் இம்முறுக்கம், வளர்ச்சி முடியும்போது ஏறக்குறைய 15 பாகையாகக் குறைகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே நடக்கும். தனிக் காலணியோ பட்டையோ இதை மாற்றுவதில்லை. முறுக்கக் கோணத்தின் எண் தெரிந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால், அதற்காகக் குழந்தையின் இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சைச் செலுத்துவது நியாயமல்ல.

முதலில் கை அளக்கட்டும். குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, தொடையின் பக்கவாட்டுப் புடைப்பு மிகுதியாகத் தட்டுப்படும் நிலையில் முழங்காலுக்குக் கீழுள்ள கால் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்துள்ளது என்று பார்ப்பது பழைய முறை. ரூவும் சகாக்களும் 1992இல் இதை அறுவைக்கூடத்தில் நேரடியாக எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டனர். எக்ஸ்ரே, சி.டி. கணிப்புகளைவிட இதுவே அவற்றுக்கு நெருக்கமாக இருந்தது. பருமனான குழந்தைகளில் புடைப்பு சரியாகத் தட்டுப்படாது என்பது உண்மைதான். ஆயினும் முதற்கட்டத்துக்கு இது போதும்.

அறுவைச் சிகிச்சை பேச்சில் வந்தபிறகே படத்துக்கு வேலை. சி.டி.யில் எலும்புக் கழுத்தின் அச்சையும் முழங்காலின் இரு முண்டுகளின் பின்விளிம்புக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இடைக்கோணத்தை அளக்கிறோம். சிக்கல் கழுத்தின் அச்சில் இருக்கிறது. கோட்டைக் கழுத்தின் நடுவே இழுப்பதா, மர்ஃபி 1987இல் சொன்னபடி சிறு புடைப்பையொட்டிய அடிப்பகுதி வழியாக இழுப்பதா? கீழே போகப்போகக் கோணம் கூடுகிறது. ஒரே எலும்பில் முறைக்கு முறை 10 பாகைக்கும் மேல் வேறுபடலாம். எலும்பை வெட்டித் திருப்பும் அறுவையில் திருத்தப்படுவது பெரும்பாலும் சில பத்துப் பாகைகளே. எனவே முறை குறிப்பிடாத ஸ்கேன் அறிக்கையை ஏற்கக் கூடாது.

பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளிடம் நிலைமை இன்னும் கடினம். இடுப்பு மடங்கி, தொடைகள் உள்நோக்கி இழுத்திருக்க, எலும்பு மேசைக்கு இணையாகக் கிடக்காது. இருபரிமாண வெட்டுப்படம் பொய் சொல்லும். முப்பரிமாண மறுஆக்கம் இங்கே அவசியம். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, குருத்தெலும்பும் தெரியும். ஆனால் சிறு பிள்ளையை அசையாமல் படுக்கவைக்க மயக்கம் தேவைப்படலாம்.

இனி, அளந்த கோணத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டவணை. டெல்லி ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட இந்திய உலர் எலும்பு அளவீட்டில் சராசரி ஏறக்குறைய 8 பாகைதான். மேலைநாட்டு அட்டவணையை அப்படியே டெல்டாக் குழந்தைக்குப் பொருத்துவது தவறு என்பதற்கு இதுவே போதிய காரணம். நமக்கான அட்டவணைக்கு வழி இருக்கிறது: அங்கன்வாடிகளில் குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஏற்பாடு 2013 முதல் தேசியத் திட்டமாகவே நடக்கிறது. வளைபாதமும் இடுப்பு மூட்டுக் குறைபாடும் அதன் பட்டியலில் உள்ளன. அந்தப் படிவத்தில் குழந்தை சம்மணமிட்டு உட்காருகிறதா என்ற ஒரு வரியைச் சேர்க்கலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி போன்ற மையம் அதையும் கையளவையும், வேறு காரணத்துக்காக எடுக்கப்பட்ட எம்.ஆர்.ஐ. படங்களில் கிடைக்கும் கோணத்தையும் வயதுவாரியாகத் தொகுத்தால், இம்மண்ணின் குழந்தைகளுக்கு உரிய அட்டவணை உருவாகும்.