கருங்கல்லிற் படர்ந்த கொடி

எங்கள் திருநெல்வேலியிற் கிணறு வெட்டினால் முதலில் வருவது செம்மண், அதன்கீழ் சுண்ணக்கல். மருந்துக்கும் கருங்கல் கிடையாது, மலையும் இல்லை. ஆயினும் இங்கே முந்திரிகைக் கொடி பந்தலிற் படர்ந்து காய்க்கிறது. (முந்திரிகை என்றதும் தமிழகத்தார் கஜுவை நினைப்பர். அது நமக்கு மரமுந்திரிகை. அவர்களுடைய திராட்சையே நமக்கு முந்திரிகை.)

தென்னாபிரிக்காவிலே தொழில்பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், அண்மையில் ஒரு வெள்ளை வைன் போத்தலின் முகப்புச்சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். போத்தலை அனுப்பவில்லை, ஆசிரியருடைய பழக்கவழக்கம் அவர் அறிந்ததே. அச்சீட்டில் ஒரு முத்திரை. முத்திரையிலே கொடி நட்ட ஆண்டு. முப்பத்தைந்து வயதுக்குக் குறையாத கொடிகளின் பழத்திற்கே அந்நாட்டில் அம்முத்திரை வழங்கப்படுகிறது. ஒரு கொடிக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரமா என்று வியந்தேன். அந்த வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

கேப் நகருக்கு வடகிழக்கே பார்டபேர்க், பார்ல் முதலிய கருங்கல் மலைகள் உள்ளன. கருங்கல் உக்கிப் பருமணலாகிறது. அதில் நீர் தங்காது; உரமும் குறைவு. கொடியின் வேர் ஈரந்தேடி ஆழத்திற்கு இறங்குகிறது. முதிய கொடி குறைவாகவே காய்க்கும். காய்த்ததிற் சாறு செறிந்திருக்கும். வைனிலே கல்லின் சுவை தெரிகிறது என்று சுவைஞர் சொல்வர். புவியியலாளர் அதனை ஒப்புவதில்லை. கல் சுவை ஊட்டுவதில்லை, நீரை அளந்து ஊட்டுகிறது என்பதே அவர்கள் கருத்து. அங்கே பெருவழக்கான வெள்ளை இனம் செனின் பிளாங். அதன் பழைய உள்ளூர்ப் பெயர் ‘ஸ்தேன்’. ஒல்லாந்த மொழியில் அச்சொல்லுக்குக் கல் என்று பொருள். பெயர்க்காரணம் அதுவன்று என்பாரும் உளர்.

வெள்ளை வைனுக்குத் தமிழிற் சொல் தேடவேண்டியதில்லை. தெளிந்தது தேறல். யவனர் கொணர்ந்த தேறலை நக்கீரர் புறநானூற்றிற் பாடியிருக்கிறார். சங்ககாலத்தில் தேறல் கப்பலேறி நம்மிடம் வந்தது. ஒல்லாந்தர் காலத்திலோ நம்மவர் கப்பலேறித் தேறல் விளையும் மண்ணுக்குப் போயினர்.

அந்தக் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1652 இல் நன்னம்பிக்கை முனையிலே ஒரு தங்குதுறையை நிறுவியது. பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் சென்றுவரும் கப்பல்களுக்கு நீரும் மரக்கறியும் அங்கே கிடைத்தன. அதன் தளபதி வான் றீபேக் 1655 இல் முந்திரிகை நாட்டினான். 1658 யூன் மாதம் இதே கம்பனி யாழ்ப்பாணக் கோட்டையைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றியது. எட்டு மாதம் ஆகுமுன், 1659 பெப்ரவரி 2 இல், முனையிலே முதன்முதல் வைன் பிழியப்பட்டதாக வான் றீபேக் தன் நாட்குறிப்பிற் பதிந்தான். நமது பாடநூல்களில் இவ்விரண்டு செய்திகளும் அடுத்தடுத்து வருவதில்லை. கம்பனிக்கோ இரண்டும் ஒரே கணக்குப் புத்தகம்.

தோட்டத்திற்கு ஆள் வேண்டும். கம்பனி அடிமைகளைக் கொணர்ந்தது. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையிற் படையெடுப்பும் பஞ்சமும் நிலவின. அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோரைச் சோழமண்டலக் கரையிலே கம்பனி வாங்கி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றியது. நன்னம்பிக்கை முனைக்கும் நம் கடற்கரைகளிலிருந்து அடிமைகள் சென்றனர். 1808 வரை அங்கு கொண்டுசெல்லப்பட்டோர் ஏறத்தாழ 63,000 பேர். அவர்களில் நாலிலொரு பங்கினர் இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தோர் என்பது வரலாற்றாசிரியர் றொபேர்ட் ஷெல்லின் கணிப்பு. அங்கு அடிமை முறை சட்டப்படி நீங்கியது 1834 இலே. அதன்பின்னும் 1838 வரை பயிலுநர் என்ற பெயரிற் கட்டுண்டிருந்தனர்.

இன்று முத்திரை பெறும் கொடிகளை அவர்களே நட்டனர் என்று சொல்லிவிட முடியாது. வேரைத் தின்னும் பிலொக்ஸெரா என்னும் பூச்சி 1886 இல் அங்கு பரவிப் பழைய தோட்டங்களை அழித்தது. பின்னர் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மீள நட்டார்கள். ஆனால் அந்நாட்டின் முதற்கொடிகளுக்குக் குழிவெட்டி நீரூற்றிய கைகளில் நம் கடலோரத்தார் கைகளும் இருந்தன.

அவர்களுள் அஞ்சலா என்றொரு பெண். வங்கத்தவள், முதல் வைன் பிழிந்த ஆண்டில் வான் றீபேக் வீட்டில் அடிமையாயிருந்தாள். 1662 இல் அவன் புறப்பட்டபோது அபிரகாம் கப்பமா என்பவனுக்கு அவளை விற்றான். இந்தக் கப்பமா யார் தெரியுமா? 1657 இல் மழையில் நனைந்து மின்னிய கருங்கற் பாறைகளைக் கண்டு, அம்மலைக்கு ‘முத்து’ என்று பொருள்படும் பார்ல் என்ற பெயரை இட்டவன். கல்லுக்கு அத்துணை அழகிய பெயர் சூட்டியவன், 1666 இல் அஞ்சலாவுக்கு விடுதலையும் கொடுத்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தாய் தந்தையர் அவளுக்கு இட்ட பெயரை எந்தப் பதிவேடும் குறிக்கவில்லை.

நம்மவர் நிலையும் அதுவே. பதிவேடுகளில் அவர்கள் ‘வான் கொரமண்டல்’, ‘வான் சிலோன்’. கொரமண்டல் என்பது சோழமண்டலத்தின் சிதைவு. அவ்வரியிலே எஞ்சிய தமிழ் அவ்வளவே. முற்பெயரைப் பலவேளை எசமானே இட்டான். மாதப் பெயரே போதும் என்று கருதியவர் பலர். ஏப்ரல், செப்டெம்பர் என்னும் குடும்பப் பெயர்கள் கேப் நகரத்தில் இன்றும் வழங்குகின்றன.