கரமும் கருத்தும்: செவிலியப் பணி கோட்பாடு பெற்ற வரலாறு

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதை நம் பிள்ளைகள் மக்தபிலேயே கற்றுக்கொள்கின்றனர். ஆனால், நலம் விசாரிக்கச் செல்பவர் சிறிது நேரம் அமர்ந்து, துஆச் செய்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். அவர் திரும்பிய பின்னரும் அந்தப் படுக்கையருகே ஒருவர் நிற்கிறார். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பவரும், காய்ச்சலை அளந்து குறித்து வைப்பவரும், நள்ளிரவில் மூச்சின் ஒலி மாறியதை முதலில் உணர்பவரும் அவரே. அவர் செய்வது மருத்துவர் இட்ட கட்டளையை நிறைவேற்றும் ஊழியம் மட்டுந்தானா? இரக்கத்தின் வெளிப்பாடா? அல்லது தனக்கென ஓர் அறிவுத் துறையை உடைய தொழிலா? வரலாற்றின் துணைகொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

முதல் கூடாரம்

நம் மேடைகளில் செவிலியப் பணி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ருஃபைதா (ரலி) அவர்களின் பெயர் தவறாமல் குறிப்பிடப்படும். அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த இப்பெண்மணி காயமுற்றோருக்குச் சிகிச்சை அளிப்பதில் தேர்ந்தவராக இருந்தார். ஹிஜ்ரி 5, கி.பி. 627இல் நிகழ்ந்த அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்தபோது, அவரை ருஃபைதாவின் கூடாரத்தில் சேர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அக்கூடாரம் மஸ்ஜிதுந் நபவியிலேயே அமைந்திருந்ததால், அருகிலிருந்தே அவரை அடிக்கடி சென்று பார்த்துவர நபியவர்களுக்கு இயன்றது. ருபைய்யிஉ பின்த் முஅவ்விஃத் (ரலி) அவர்களும் தோழியரும் போர்க்களத்தில் நீர் புகட்டி, காயமுற்றோரைக் கவனித்ததை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் இத்தகைய பணியாற்றியதை ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது.

இவற்றைப் பெருமையுடன் எடுத்துரைப்பது சரியே. ஆயினும், அப்பெண்மணிகள் தம் பணியை எவ்வாறு செய்தார்கள், காயத்தைக் கண்டு எதை முதலில் கவனித்தார்கள், தம்முடன் இருந்தோருக்கு எதைக் கற்பித்தார்கள் என்ற விவரங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய தியாகம் பதிவாயிற்று; அவர்களுடைய அறிவு பதிவாகவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பீமாரிஸ்தானின் இரு வகையினர்

அப்பாஸியர் காலம் தொட்டு இஸ்லாமிய நகரங்களில் எழுந்த பீமாரிஸ்தான்களைப் பற்றி இவ்விதழின் வாசகர்கள் நன்கறிவர். 982இல் பக்தாதில் அழுதி மருத்துவமனை நிறுவப்பட்டது. 1154இல் திமிஷ்கில் நூருத்தீன் ஸங்கி ஒரு மருத்துவமனையை எழுப்பினார். அங்கே சிகிச்சை பெற்றுக் குணமடைந்ததன் நன்றியாகவே ஸுல்தான் கலாவூன் 1284இல் கெய்ரோவில் மன்ஸூரி மருத்துவமனையை அமைத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். காய்ச்சல், கண் நோய், அறுவை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு அங்கே தனித்தனிப் பகுதிகள் இருந்தன. ஆண், பெண் நோயாளிகளுக்கெனத் தனித்தனியே பணியாளர்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். இவற்றுக்கெல்லாம் வக்ஃபுச் சொத்துகளின் வருவாய் பயன்பட்டது.

அம்மருத்துவமனைகளின் மருத்துவர்களிடம் பராமரிப்புக்கான தெளிவான கோட்பாடு ஒன்று இருந்தது. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் தம் மருத்துவ வினாவிடை நூலிலும், இப்னு ஸீனா தம் 'அல்கானூன்' நூலிலும் அதனை விளக்கியுள்ளனர். கிரேக்க மருத்துவத்திலிருந்து வந்து அரபியில் முறைப்படுத்தப்பட்ட அக்கோட்பாட்டின்படி, மனித உடலின் நலத்துக்கு இன்றியமையாதவை ஆறு: காற்று, உணவும் பானமும், இயக்கமும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவுகள் வெளியேறுதலும் தேங்குதலும், மனத்தின் உணர்ச்சிகள். இன்றைய யுனானி மருத்துவக் கல்வியிலும் இந்த ஆறும் அடிப்படைப் பாடமாக விளங்குகின்றன.

இப்பட்டியலைச் சற்று ஊன்றிக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். இந்த ஆறில் எதுவும் மருந்து அன்று; கத்தியும் அன்று. சாளரத்தைத் திறப்பதும், கஞ்சி புகட்டுவதும், நோயாளியை எழுப்பி நடக்க வைப்பதும், உறக்கத்தைக் காப்பதும், மலசலம் சரிவரக் கழிந்ததா எனப் பார்ப்பதும், அச்சத்தைத் தணிப்பதும் யாருடைய பணிகள்? அனைத்தும் படுக்கையருகே நின்ற பணியாளரின் பணிகளே. ஆயினும் அக்கோட்பாடு மருத்துவரின் ஏட்டில் இருந்தது. செயல் பணியாளரின் கையில் இருந்தது. ஏட்டை எழுதியவரின் பெயர் நிலைத்தது. கையின் உரிமையாளர் பெயரற்றுப் போனார். கருத்தும் கரமும் வெவ்வேறு மனிதரிடம் பிரிந்து கிடந்ததே அக்காலச் செவிலியத்தின் எல்லை எனலாம். இது முஸ்லிம் உலகின் குறை மட்டுமன்று. ஐரோப்பாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நிலைமை இதுவே.

உஸ்குதாரில் பிறந்த எண்ணம்

கரமும் கருத்தும் ஒருவரிடமே இணைவதற்கான முதல் பெரும் முயற்சிக்குக் களமாக அமைந்தது உஸ்மானியத் தலைநகர் என்பது சிந்தனைக்குரியது. கிரீமியப் போரின்போது இஸ்தன்பூலின் உஸ்குதார் பகுதியிலுள்ள ஸலீமிய்யா படைவீடு ஆங்கிலேயரின் மருத்துவமனையாகப் பயன்பட்டது. 1854 நவம்பரில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களுடன் அங்கு வந்து சேர்ந்தார். அவர் வந்த பின்னரும் வீரர்கள் மடிந்துகொண்டே இருந்தனர். 1855 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழு கழிவுக் கால்வாய்களைத் துப்புரவு செய்து, காற்றோட்டத்தைச் சீராக்கிய பின்னரே இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. போர் முடிந்து நாடு திரும்பிய நைட்டிங்கேல், புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாரின் துணையுடன் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தபோதுதான் இதன் முழுப் பொருளையும் உணர்ந்தார். அன்பும் உழைப்பும் மட்டும் உயிரைக் காக்கப் போதா என்பதை அந்தக் கணக்குகள் அவருக்கு உணர்த்தின.

1859இல் வெளிவந்த அவருடைய செவிலியக் குறிப்புகள் நூலின் மையக் கருத்து இதுவே: நோயாளியைக் குணப்படுத்துவது இயற்கை; அந்த இயற்கை செயற்படுவதற்கு ஏற்ற சூழலை அமைத்துத் தருவதே செவிலியரின் வேலை. தூய காற்று, வெளிச்சம், தூய்மை, அமைதி, தக்க உணவு ஆகியவை அவர் வலியுறுத்தியவை. அடுத்த ஆண்டே லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. நோய்க்குக் காரணம் கெட்ட காற்று எனக் கருதிய அக்காலக் கொள்கையை அவரும் நம்பினார். அது பின்னர் பிழையெனத் தெளிவாயிற்று. எனினும் எதைப் பார்க்க வேண்டும், எதை அளக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்ற ஒழுங்கைச் செவிலியருக்கு அவருடைய கோட்பாடே முதலில் தந்தது. ஒரு கோட்பாட்டின் பயன் அது இறுதி உண்மையாக இருப்பதில் மட்டும் இல்லை. பணி செய்பவரின் கண்ணைத் திறப்பதிலும் இருக்கிறது.

கோட்பாடுகளின் காலம்

நைட்டிங்கேலுக்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், செவிலியம் என்பது பெரும்பாலும் கீழ்ப்படிதலாகவே கற்பிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கச் செவிலியக் கல்வியாளர்கள் அந்நிலையை மாற்ற முனைந்தனர். 1952இல் ஹில்டகார்ட் பெப்லா, செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சையின் ஒரு கருவி என்றார். வர்ஜீனியா ஹென்டர்சன் 1966இல் வெளியிட்ட நூலில், வலிமையும் விருப்பமும் அறிவும் இருந்தால் நோயாளி தாமே செய்துகொள்ளக்கூடியவற்றை அவருக்காகச் செய்து, கூடிய விரைவில் அவரைத் தன் காலில் நிற்கச் செய்வதே செவிலியம் என வரையறுத்தார். அவர் பட்டியலிட்ட 14 அடிப்படைத் தேவைகளுள் மூச்சு, உணவு, கழிவு, உறக்கம் ஆகியவற்றோடு, தம் நம்பிக்கைப்படி இறைவணக்கம் செய்வதும் ஒன்றாகும். டோரத்தியா ஓரெம் 1971இல் தற்பராமரிப்புக் கோட்பாட்டை நூலாக்கினார். காற்று, நீர், உணவு, கழிவு வெளியேற்றம், இயக்கத்துக்கும் ஓய்வுக்கும் இடையிலான சமநிலை என அவருடைய பட்டியல் நீள்கிறது.

இப்னு ஸீனாவின் ஆறும் ஓரெமின் பட்டியலும் ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன. இதனைக் கொண்டு, அவர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார் என நாம் உரிமை கோரப் போவதில்லை. மனித உடலை ஊன்றிக் கவனித்தவர்கள் ஒத்த முடிவுகளை அடைந்தனர் என்பதே பொருத்தம். ஆனால் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. முன்னது மருத்துவருக்காக மருத்துவர் எழுதியது. பின்னது செவிலியருக்காகச் செவிலியரே எழுதியது. பிரிந்து கிடந்த கருத்து கரத்திடம் வந்து சேர்ந்தது இங்கேதான்.

மேம்பட்ட பணியின் அடித்தளம்

1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லோரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். நோயாளியைத் தாமே பரிசோதித்து, முடிவெடுத்து, தொடர்ந்து கண்காணிக்கும் 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்னும் மேம்பட்ட செவிலியர் அதிலிருந்து தோன்றினார். மருத்துவர் இல்லாத குறையை மலிவாக நிரப்பும் ஏற்பாடு இது எனப் பலர் எண்ணினர். இன்றும் எண்ணுகின்றனர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், நியூயார்க்கில் 1,316 நோயாளிகள் மருத்துவரிடமும் மேம்பட்ட செவிலியரிடமும் பிரித்து அனுப்பப்பட்டனர். ஆறு மாதங்களுக்குப் பின் இரு பிரிவினரின் உடல்நலத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

மேம்பட்ட செவிலியர் மருத்துவரின் நகல் அல்லர் என்பதை நிலைநாட்டுவது கோட்பாடே. ஒரு நீரிழிவு நோயாளியிடம் இருவரும் ஒரே சர்க்கரை அளவைக் காணலாம். ஓரெமைக் கற்றவரோ, இவர் தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள எங்கே தடை உள்ளது என்று கேட்பார்: அறிவிலா, பார்வையிலா, பணத்திலா, குடும்பத்திலா? விடைக்கேற்பவே அவருடைய சிகிச்சைத் திட்டமும் மாறும்.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மேடலின் லைனிங்கர் மானிடவியலும் பயின்ற செவிலியர். பண்பாட்டுப் பராமரிப்புக் கோட்பாட்டை வகுத்தவர். நோயாளியின் பண்பாட்டில் உள்ளதைக் காத்தல், அதனோடு இணங்கித் திட்டத்தை அமைத்தல், தீங்கு தருவதை நோயாளியுடன் சேர்ந்து மாற்றியமைத்தல் என மூன்று வழிகளை அவர் காட்டினார். ரமளான் நெருங்கும் வேளையில், இன்சுலின் செலுத்திக்கொள்ளும் முதியவர் ஒருவர் நோன்பு நோற்பேன் என உறுதியாக நிற்கிறார். நோன்பே கூடாது எனக் கடிந்துரைக்கும் செவிலியரிடம் அவர் தலையாட்டிவிட்டு, வீட்டில் எவரிடமும் சொல்லாமல் நோற்பார். கோட்பாடறிந்த செவிலியர் முதலில் அவருடைய நிய்யத்தை மதிப்பார். இயலுமெனில் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மருந்து வேளைகளை மருத்துவருடன் கலந்து சீரமைப்பார். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என எடுத்துரைப்பார். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்ற வரம்பைக் கற்பிப்பார். ஆபத்து மிகுதியெனில், நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம், அதற்கும் இயலாதவர் ஃபித்யா அளிக்கலாம் என்ற மார்க்கச் சலுகையை, ஆலிம் ஒருவரின் துணையுடன் அவர் மனம் ஏற்குமாறு செய்வார். இங்கே காக்கப்பட்டது ஈமானும் உயிரும் ஆகும்.

இவ்வழியில் முஸ்லிம் நோயாளிகளுக்கெனவே ஒரு கோட்பாட்டை உருவாக்கும் முயற்சியும் நடந்துள்ளது. சவூதி அரேபியாவில் பணியாற்றிய செவிலியர் சாண்ட்ரா லவரிங், அரபு முஸ்லிம் நோயாளிகளின் பராமரிப்புக்காக 'பிறைப் பராமரிப்பு' எனும் மாதிரியை 2012இல் வெளியிட்டார். இத்தகைய மாதிரிகளுக்கும் எல்லை உண்டு. முஸ்லிம்கள் அனைவரும் ஒரே வார்ப்பு என எண்ணிவிட்டால், கோட்பாடு கண்ணைத் திறப்பதற்கு மாறாக மூடிவிடும். கோட்பாடு கேள்வியைக் கற்றுத் தருகிறது. விடையை நோயாளியிடமே கேட்டுப் பெற வேண்டும்.

நம் முன் உள்ள கடமை

ருஃபைதாவின் பெயரை மேடையில் முழங்கும் நம்மில் எத்தனை பேர், நம் மகள் செவிலியம் பயில விரும்புகிறாள் என்றால் மனமுவந்து அனுப்புகிறோம்? மருத்துவப் படிப்பு கிடைக்காதவர்களுக்கான இரண்டாம் தரத் தேர்வு என்றும், பிறருடைய மலசலத்தைத் தொடும் தாழ்ந்த வேலை என்றும் கருதும் மனப்பாங்கு நம்மிடையே உண்டு. ஸஹாபிப் பெண்மணி ஒருவரின் கூடாரத்துக்குத் தம் பள்ளிவாசலில் இடமளித்த நபியவர்களின் உம்மத்துக்கு இம்மனப்பாங்கு பொருந்துமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதே வேளையில், பணிவும் தியாகமும் நிறைந்த ஊழியம் எனப் போற்றிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்வதும் முழு நீதியாகாது. பீமாரிஸ்தானின் பெயரற்ற பணியாளர்களுக்கும் அத்தகைய போற்றுதல் கிடைத்திருக்கலாம். ஏடு மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எனவே நம் கல்வி அறக்கட்டளைகளும் வக்ஃபு நிறுவனங்களும் செவிலியக் கல்விக்கு உதவும்போது, பட்டயத்தோடு நிறைவடையாமல் முதுநிலைப் படிப்பு, ஆய்வு, கோட்பாடு என்ற படிகளுக்கும் வழிவகுக்க வேண்டும். ரமளானில் இன்சுலினையும், சக்கராத்து வேளையில் கலிமாவையும், பர்தாவின் கண்ணியத்தையும், நீண்ட நாள் நோயாளியின் தயம்முமையும் உள்ளிருந்து அறிந்த செவிலியர், தாமே எழுதும் காலம் வர வேண்டும். ருஃபைதாவின் கூடாரத்தில் நிகழ்ந்தவற்றை எழுதி வைக்க அன்று ஒருவரும் இல்லை. இனி வரும் கூடாரங்களின் அறிவேனும் அவ்வாறு மறைந்துபோகாதிருக்கட்டும்.