ஸ்டாக்ஹோமும் நொய்யலும்

உடன்படிக்கை என்னும் சொல்லைத் திருமறையின் வழியாகவே முதலில் அறிந்தவர்கள் நாம். நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களையும் தமிழ் அதே சொல்லால் குறிப்பது பொருத்தமற்றதன்று. ஏத்தியப் பேரரசர்கள் தம் சிற்றரசர்களோடு செய்த ஒப்பந்தங்களின் சாயல் உபாகம நூலில் உண்டெனப் பழைய ஏற்பாட்டு அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அந்நூலில் வானமும் பூமியும் சாட்சிகளாக அழைக்கப்படுகின்றன. நம் காலத்துச் சுற்றுச்சூழல் உடன்பாடுகளிலோ பூமி சாட்சியாக நிற்கவில்லை. வழக்கின் பொருளாகவே நிற்கிறது. இவ்வுடன்பாடுகள் எந்நோக்கத்திற்காகச் செய்யப்படுகின்றன, அந்நோக்கம் நம் ஊரை வந்தடையும்போது என்னவாகிறது என்பதைக் கொங்கு நாட்டின் நொய்யல் ஆற்றைக் கொண்டு ஆராய்வது தகும்.

1972 ஜூன் 5 முதல் 16 வரை ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் மனிதச் சுற்றுச்சூழல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு கூடிற்று. 113 நாடுகள் பங்கேற்றன. விருந்தளித்த நாட்டின் பிரதமரைத் தவிர்த்தால், அங்கு வந்திருந்த அரசாங்கத் தலைவர் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி ஒருவரே. வறுமையையும் தேவையையும் விடப் பெரிய மாசு வேறு உண்டோ என்ற கருத்துப்பட அவர் வினவியது பின்னாளில் பலராலும் எடுத்தாளப்பட்டது. மாநாடு 26 கோட்பாடுகள் கொண்ட பிரகடனமொன்றை வெளியிட்டது. அது எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை.

ஆயினும் அது வீணாகவில்லை. நம் அரசியலமைப்பில் நீர் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. ஆகவே 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை, 252ஆம் பிரிவின்கீழ் மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்ட பின்னரே பாராளுமன்றம் இயற்ற முடிந்தது. ஆனால் 253ஆம் பிரிவு, பன்னாட்டு மாநாடுகளில் எடுக்கப்பட்ட முடிவுகளைச் செயற்படுத்த நாடு முழுவதற்கும் சட்டமியற்றும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்திற்கு அளிக்கிறது. 1984 டிசம்பரில் போபால் துயரம் நிகழ்ந்த பின்னர் இயற்றப்பட்ட 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், ஸ்டாக்ஹோம் மாநாட்டின் பெயரைத் தன் முகவுரையிலேயே கூறித் தொடங்குகிறது. கட்டுப்படுத்தாத ஒரு பிரகடனம் கட்டுப்படுத்தும் சட்டத்திற்கு வாயிலாக அமைந்தது.

இனி ஆற்றுக்கு வருவோம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலப்பது நொய்யல். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருக அதன் கரைகளில் சாயப்பட்டறைகள் பெருகின. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு மிகுதியான உப்பு வேண்டும். சாயத்தைத் துணி ஏற்றுக்கொள்ளும், உப்போ நீரிலேயே தங்கிவிடும். வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தை நீக்குமேயன்றி உப்பை நீக்காது. இதனை விளங்கிக்கொண்டால்தான் பின் நிகழ்ந்தவை விளங்கும். பாசனத்திற்கென 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது இந்த உப்புநீரே. அணை நீரை எங்கள் பக்கம் திறந்துவிடாதீர்கள் என்று கடைமடை விவசாயிகளே வேண்டிக்கொள்ளும் விபரீத நிலை உண்டாயிற்று.

அவர்களுக்குக் கிடைத்த கருவிகளுள் ஒன்று தொலைவிலிருந்து வந்தது. மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டை 1972இல் வகுத்தது, செல்வ நாடுகளின் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு. ஏழை விவசாயிக்கு இழப்பீடு வாங்கித் தருவது அதன் எண்ணமன்று. ஆலைகளின் மாசு ஒழிப்புச் செலவுக்கு அரசுகள் மானியம் வழங்கினால் நாடுகளுக்கிடையிலான வாணிபப் போட்டி நேர்மை கெடும் என்பதே அதன் கவலை. 1992இல் ரியோ டி ஜெனீரோ மாநாடு இக்கோட்பாட்டைத் தன் பிரகடனத்தில் ஏற்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் இதனையும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அறிவித்தது. ஈரோட்டுத் தோல் தொழிற்சாலைகளும் அத்தீர்ப்புக்கு உட்பட்டன. அதன்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையமே பின்னர் நொய்யல் பாசனப் பகுதியில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீட்டை நிர்ணயித்தது. வாணிபக் கணக்காகப் பிறந்த கோட்பாடு நம் மண்ணில் நீதியின் குரலாயிற்று. உடன்பாட்டின் நோக்கத்தை அதை எழுதியவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைக் கையில் எடுத்து வழக்காடுபவரும் தீர்மானிக்கின்றனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் வழக்கில், சாயக்கழிவு ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்ற நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் வற்புறுத்தியது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஆணை நிறைவேறாமையால் 2011 ஜனவரி இறுதியில் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. பட்டறைத் தொழிலாளர் ஒரே நாளில் வேலையிழந்தனர். கரூர்ப் பக்கத்து விவசாயியும் திருப்பூர்ப் பட்டறைத் தொழிலாளியும் ஒரே ஆற்றின் இரு முனைகளில் இருப்பவர்கள்; நம் சபைகளில் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்பவர்களும் ஆகலாம். தீர்ப்பு நீதியானதென்றே நான் கருதுகிறேன். ஆனால் மாசுபடுத்தியவர் யார் என்ற கேள்வி பட்டறை வாசலோடு நின்றுவிட்டது. அந்தப் பனியனை மலிவாக வாங்கி அணிந்தவர்கள் பெரும்பாலும் அக்கோட்பாட்டை வகுத்த நாடுகளிலேயே இருந்தனர். அவர்களிடம் எந்த ஆணையமும் கணக்குக் கேட்கவில்லை.

இதனோடு ஒப்பிடத்தக்கது ஈர நிலங்களைப் பற்றிய ராம்சர் உடன்படிக்கை. ஈரானில் காஸ்பியன் கடற்கரை ஊராகிய ராம்சரில் 1971 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான இவ்வுடன்படிக்கையில் இந்தியா 1982இல் சேர்ந்தது. நீர்ப்பறவைகளின் வாழிடம் என்னும் சொற்கள் அதன் முறையான தலைப்பிலேயே உள்ளன. எல்லை கடந்து பறக்கும் பறவையை எந்த நாடும் தனக்கு மட்டும் உரியதெனக் கொள்ளவியலாது என்ற எண்ணத்தில் எழுந்த அது, நாளடைவில் நீரையும் அதை நம்பி வாழும் மக்களையும் தன் கவனத்தில் ஏற்றது. ஈரோடு மாவட்டத்து வெள்ளோடு 2022இலும், திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டிலும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. நஞ்சராயன் குளத்தின் பரப்பு ஏறத்தாழ 126 ஹெக்டேர். அதற்கு நீர் கொண்டுவருவது நல்லாறு. குளம் பட்டியலில் உள்ளது. நல்லாறு சென்று சேரும் நொய்யல் அதில் இல்லை.