கதிரும் கண்ணும்

புற்றுநோயை அழிக்கும் கதிர் கண்ணையும் தாக்கக்கூடும் என்பது புதிய செய்தி அன்று. 1895-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். இரண்டே ஆண்டுகளில், அக்கதிர் பட்ட முயலின் கண்ணில் புரை படர்வதைக் கண்டு எழுதிவிட்டனர். உலகம் அதனைப் பொருட்படுத்தத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

மாணவச் செல்வங்களே! மேரி கியூரி அம்மையாரை நீங்கள் பாடநூலில் சந்தித்திருப்பீர்கள். 1898-இல் கணவருடன் ரேடியத்தைக் கண்டறிந்தவர். ஐம்பது வயதைக் கடந்தபின் அவருடைய இரு கண்களிலும் புரை விழுந்தது. கதிரோடு பழகியதன் விளைவு என்றே பலரும் கருதுகின்றனர். நான் நடத்திய பாடநூல் எதிலும் இச்செய்தி இருந்ததில்லை. அம்மையார் அதனைப் பிறர் அறியாமல் மறைத்தார். விரிவுரைக் குறிப்புகளைப் பெரிய எழுத்துகளில் எழுதிக்கொண்டார். கருவிகளில் வண்ணக் குறிகள் இட்டுக்கொண்டார். 1923 முதல் பலமுறை அறுவைக்கு உட்பட்டார். பார்வை போயிற்று என்று தெரிந்தால் ஆய்வுக்கூடமும் கைவிட்டுப் போகுமோ என்று அஞ்சினார் போலும்.

அந்த அச்சம் பாரிசுக்கு மட்டும் உரியதன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணியின் மேற்தோலைத் தைக்கும் பெண்ணுக்குக் கண்ணே பிழைப்பு. மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து உண்ணும்போது தையல் மங்கித் தெரிந்தால், 'உயிர் பிழைத்தோமே, அது போதும்' என்று அவள் வாய் திறவாது இருந்துவிடலாம். அந்நோய்க்குத் தரப்படும் டமாக்சிபென் மாத்திரை, அளவு மிகுந்தால் விழித்திரையில் நுண்படிகங்களைப் படியச் செய்யும் என்பது 1978-இல் வெளியாயிற்று. இன்று தரும் குறைந்த அளவில் அது அரிது; ஆனால், சொன்னால்தானே மருத்துவர் சோதித்துப் பார்ப்பார்!

அவ்வாறு சோதிக்க அவர்களுக்கு அருகிலேயே இடம் உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-இல் வேலூரில் பெண்களுக்காகத் திறந்த ஷெல் மருத்துவமனை, பின்னாளில் கண் மருத்துவமனையாக மாறியது. அவருடைய சகோதரர் மகள், பெயரால் அவரும் ஐடா ஸ்கடரே, அதே கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே, கதிர்ச் சிகிச்சைப் பிரிவுகளை வளர்த்தார். அத்தை கட்டிய கூடம் கண்ணைக் காக்க, மருமகள் வளர்த்த பிரிவு கதிரைச் செலுத்திற்று.

1986-இல் அங்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. இரத்தப் புற்றுநோயாளர் பலருக்கு உயிர் தந்த இச்சிகிச்சைக்குப் பிறகு, பிறர் தந்த அணுக்கள் சிலருடைய கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குவது உண்டு. கண் வறண்டு, மணல் விழுந்தாற்போல் உறுத்தும். நீண்ட நாள் ஸ்டீராய்டு உண்டால் புரை விழும். கண்ணின் அழுத்தமும் ஏறும். கதிரால் வரும் புரையோ பல ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். கண்வில்லையின் அணுக்கள் வாழ்நாள் முழுதும் பெருகிக்கொண்டே இருப்பவை. கதிரால் பழுதுபட்டவை மெல்ல நகர்ந்து வில்லையின் பின்புறத்தை மங்கச் செய்கின்றன.

இவை யாவும் ஒரே தன்மையன அல்ல. வறட்சிக்குச் சொட்டு மருந்து உண்டு. புரையை அகற்றி, 1949-இல் இங்கிலாந்து மருத்துவர் ஹெரால்டு ரிட்லி முதன்முதலாகப் பொருத்திக் காட்டிய செயற்கை வில்லையை வைக்கலாம். 1934-இல் மறைந்த கியூரி அம்மையாருக்கு அது கிட்டவில்லை. விழித்திரையும் பார்வை நரம்பும் கதிரால் நலிந்தால் மீட்பது கடினம். ஆதலால்தான் தலைப்பகுதிக்குக் கதிர் செலுத்துமுன், கண்ணுக்கு எவ்வளவு சென்று சேரும் என்று கணக்கிட்டு, இயன்றவரை அதனை விலக்கியே கதிரைச் செலுத்துகின்றனர்.