லெங்கோங் பள்ளத்தாக்கின் பண்டை வேடர்

எழுத்து தோன்றாத காலத்து மாந்தரைப் பற்றி அறியப் புகுவோர்க்குக் கல்லும் எலும்புமே சான்றுகளாம். அத்தகைய சான்றுகள் மிகுதியாகக் கிடைத்துள்ள இடங்களுள் ஒன்று, பேராக் மாநிலத்திலுள்ள லெங்கோங் பள்ளத்தாக்கு. தித்திவாங்சா, பிந்தாங் என்னும் இரு மலைத்தொடர்களுக்கு இடையே, பேராக் ஆற்றையொட்டிச் சுண்ணாம்புக் குன்றுகள் சூழ அஃது அமைந்துள்ளது.

அங்குள்ள கோத்தா தம்பான் பண்டு ஏரிக்கரையாக இருந்ததென்பர். 1938இல் அங்குக் கற்கருவிகள் கண்டெடுக்கப்பட்டன. 1987இல் பேராசிரியர் சுரைனா மஜீத் நடத்திய அகழாய்வில், கருவி செய்யும் பட்டறை ஒன்று வெளிப்பட்டது. பட்டடையாக அமைந்த பெருங்கற்களும், சுத்தியலாகப் பயன்பட்ட கூழாங்கற்களும், உடைத்தெடுத்த செதில்களும், முற்றுப்பெறாத கருவிகளும் வேலை நடந்த இடத்திலேயே கிடந்தன. எரிமலைச் சாம்பலும் காணப்பட்டது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமாத்திராவின் தோபா எரிமலை வெடித்தபோது, அவர்கள் தொழிலை இடையிலே விட்டு நீங்கினர் என்று அவர் கருதினார்.

ஏற்ற கல்லைத் தேர்ந்து, அடிக்க வேண்டிய இடத்தில் அடித்துக் கூர்மை பெறச் செய்தல் பழகித் தேறிய கைக்கே இயலும். மூத்தோரிடம் இளையோர் பார்த்துக் கற்றாலன்றி அத்தொழில் நிலைத்திராது.

அவ்வேடரின் கைத்திறனை ஏரிக்கரை காட்டுகிறது. பிற்காலத்து வேடரின் உள்ளத்தைக் குகையொன்று காட்டுகிறது. குவா குனோங் ருந்து என்னும் குகையில் 1991இல் ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. 'பேராக் மனிதன்' எனப்படும் இவர் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். பிறவிக் குறையால் இவருடைய இடக்கை குறுகியும், விரலெலும்புகள் வளர்ச்சி குன்றியும் இருந்தன. எனினும் இவர் நாற்பது வயதைக் கடந்து வாழ்ந்தார்.

வேட்டையாடியும் கிழங்கும் நத்தையும் திரட்டியும் உயிர் வாழ்ந்த கூட்டத்தில், கை குன்றிய குழந்தை நடுவயது காணுதல் எளிதன்று. உடனிருந்தோர் உணவு பகிர்ந்து காத்தனர் என்று கொள்ளுதலே பொருத்தமாம். இறந்தபின்னும் அவரைப் புறக்கணித்தாரில்லை. கால்களை மடக்கி, கருவிலுள்ள குழந்தைபோற் கிடத்தி, கற்கருவிகளையும் இறைச்சியையும் ஆயிரக்கணக்கான ஆற்று நத்தைகளையும் உடன்வைத்துப் புதைத்தனர். விலங்குகளின் எலும்புகளும் நத்தை ஓடுகளும் இன்று அதற்குச் சான்று பகர்கின்றன.

2012இல் இப்பள்ளத்தாக்கு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வேடர் வாழ்வை விலங்கு வாழ்வென எண்ணுவோர், அக்குகையிற் கிடந்த எலும்புகளை ஒருமுறை நினைவுகூர்தல் தகும்.