ஆசாரமும் சுகாதாரமும்

இலையில் விழும் சோற்றைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஆக்கியவர் யார் என்பது ஒன்று. ஆக்கிய முறை எது என்பது மற்றொன்று. முதற் கேள்வியை மனு கேட்டான். இரண்டாவதை அறிவியல் கேட்டது. முதற் கேள்வியிலேயே நம் நாடு பல நூற்றாண்டுகளைத் தொலைத்தது. இரண்டாவது கேள்விக்கு வந்து சேர்ந்த வரலாற்றை இளைஞர்கள் அறிய வேண்டும். ஏனெனில், அந்தப் பயணம் இன்னும் முடியவில்லை.

ஆசாரம் என்றனர், மடி என்றனர், தீட்டு என்றனர். பூணூல் அணிந்தவர் கை பட்டால் தூய்மை. ஏர் பிடித்துக் காய்த்த கை பட்டால் தீட்டு! கை கழுவப்பட்டதா, பாத்திரம் துலக்கப்பட்டதா, குடத்து நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளெல்லாம் பிறப்பு என்ற ஒரே கேள்விக்குப் பின்னே தள்ளப்பட்டன. தென்னாட்டு இரயில் நிலையங்களிலேகூடப் பார்ப்பனர்க்கு ஓரிடம், மற்றவர்க்கு வேறிடம் என்று சாப்பாட்டுக் கூடம் பிரிந்திருந்தது. பெரியார் எழுப்பிய கண்டனக் குரலின் விளைவாக 1941-இல் அந்தப் பிரிவினை ஒழிந்தது. 1957-இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரித் தொண்டர்கள் மறியல் செய்தனர், சிறை சென்றனர். ஒரு சொல்லுக்காகவா இத்தனை பாடு என்று நகைத்தவர்கள் உண்டு. பிறப்பே தூய்மைக்குச் சான்று என்ற பொய்யைத் தெருவில் நின்று பறைசாற்றிய சொல் அல்லவா அது!

கிருமி குலம் கேட்பதில்லை, கோத்திரமும் கேட்பதில்லை. ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில், மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்து நீரிலேயே வாந்திபேதிக் கிருமியைக் கண்டார். அந்த நீரை ஆயிரம் மந்திரம் ஓதித் தெளித்தாலும் கிருமி சாகாது. அடுப்பிலேற்றிக் கொதிக்க வைத்தால் சாகும். 1907-இல் நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையற்காரியைக் கண்டுபிடித்தனர். அவர் உடலில் நோயின் அடையாளமே இல்லை. ஆனால் அவர் சமைத்த வீடுகளில் டைபாய்டு காய்ச்சல் அடுத்தடுத்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத கேட்டைக் கண்டுபிடிக்கச் சோதனைக்கூடம் வேண்டும்; பஞ்சாங்கம் போதாது என்பதை உலகம் உணர்ந்தது.

சட்டமும் துயரத்திலிருந்துதான் பிறந்தது. 1858-இல் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் மிட்டாய் செய்பவர் ஒருவர், விலையுயர்ந்த சர்க்கரையைக் குறைத்து வெள்ளைச் சுண்ணப்பொடி கலக்க எண்ணினார். கடையிலே தவறுதலாகக் கிடைத்ததோ நஞ்சுப் பாஷாணம்! சந்தையில் அந்த மிட்டாயை வாங்கித் தின்றவர்களில் ஏறத்தாழ 20 பேர் மாண்டனர். 200 பேருக்கு மேல் நோயுற்றனர். எவரும் தண்டிக்கப்படவில்லை. அதன்பின் 1860-இல் அங்கே கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது.

அதே 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டமும் உணவில் தீங்கான கலப்படம் செய்வோர்க்கு ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்றது. சென்னை மாகாணம் 1918-இல் தனக்கெனக் கலப்படத் தடைச் சட்டம் செய்தது. இந்திய நாடு முழுமைக்குமான சட்டம் 1954-இல் இயற்றப்பட்டு 1955-இல் நடைமுறைக்கு வந்தது. 1964-இல் அதைத் திருத்திக் குறைந்தது ஆறு மாதச் சிறை என்று கடுமையாக்கினர்.

கடுமை நல்லதுதான், ஆனால் அது யார் மீது விழுந்தது? கலப்படம் என்று தெரியாமல் விற்றேன் என்று கடைக்காரர் சொன்னால் அச்சட்டம் ஏற்காது. சரக்கு கொடுத்தவரிடமிருந்து எழுத்து மூலம் உறுதிச்சீட்டு பெற்றிருந்தால் தப்பலாம். கடன் சொல்லி அரைப்படி எண்ணெய் வாங்கி வடை சுடும் ஏழைக்கு உறுதிச்சீட்டு எழுதிக் கொடுத்த வணிகர் எத்தனை பேர்? ஆலைக்காரருக்கு வழக்கறிஞர் உண்டு. ஆப்பக்காரிக்கு யார் உண்டு?

இந்தக் குறையை ஓரளவு உணர்ந்தது 2006-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம். அது 2011-இல் நடைமுறைக்கு வந்தது. சிறு விற்பனையாளர் உரிமம் பெற வேண்டியதில்லை, பதிவு செய்தால் போதும் என்றது. ஆண்டு விற்பனை 12 லட்ச ரூபாய் வரை உள்ளவர்க்குப் பதிவுக் கட்டணம் 100 ரூபாய் என்று 2011 விதிகள் வகுத்தன. கூடை சுமந்து விற்பவரும், வீட்டிலே ஊறுகாயும் அப்பளமும் செய்து விற்கும் பெண்ணும் அதில் அடங்குவர். குறை கண்டால், திருத்திக்கொள்ள 14 நாளுக்குக் குறையாத தவணை தந்து அறிவிப்புக் கொடுக்கவும் சட்டம் வழி செய்தது. நல்ல நீர், மூடிய பண்டம், வெட்டிய நகம், தொற்றுநோய் இல்லாத கை: இவையே விதிகள் கேட்பவை. சமைப்பவரின் குலத்தை அவை கேட்கவில்லை.

சட்டம் கேட்காததைச் சமூகம் இன்னும் கேட்கிறதே! 2018-இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. சாதிப் பெயரையே தரச்சான்றாகப் பொட்டலத்தின்மேல் அச்சிட்டு விற்போர் இன்றும் உளர். திருவல்லிக்கேணியில் இறங்கிய பலகை பொட்டலத்தில் ஏறிவிட்டது!

இனி விதிகளைத் திருத்துவோர் இரண்டை மறக்கலாகாது. தூய்மை வேண்டுமென்று ஆணையிடும் அரசு, தெருமுனைக் கடைக்குக் குழாய் நீரும், கழிவுநீர் போக வழியும், தாய்மொழியிலே பயிற்சியும் தர வேண்டும்; நீர் தராமல் கை கழுவவில்லை என்று அபராதம் விதிப்பது நீதியாகாது. ஏழை என்பதற்காக அழுக்கை மன்னிப்பதும் கூடாது. அவர் கடையில் உண்பவரும் ஏழையே.

தோழர்களே! கடையில் உண்ணுமுன் கேளுங்கள். நீர் கொதித்ததா, கை கழுவியதா, பண்டம் மூடியிருந்ததா என்று கேளுங்கள். ஆக்கியவர் யார் மகன், யார் மகள் என்று கேட்பவரைக் கண்டால், அவரையும் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தக் கிருமி உம்மிடம் சாதி சொல்லிவிட்டு வயிற்றுக்குள் போயிற்று?